பெட்டி பொது, நோட்டு தனி: எங்கள் டிரஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி வட்டாரத்தில் ஐந்து கட்சிகளின் நகர, ஒன்றியக் கமிட்டிகள் ஒரே வாக்காளர் தேடல் மென்பொருளையும் ஒரே பிரிண்டரையும் ஒரே மைக் செட்டையும் பயன்படுத்துகின்றன. இவற்றுக்குச் சொந்தக்காரர் எந்தக் கட்சியும் இல்லை, ஒரு சின்ன டிரஸ்ட். அதன் செயலாளர் நான். முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதியவன், வக்கீல் இல்லை. டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் என்னை நிறுத்தி வைத்துக் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். சட்டம் வருகிற இடங்களை மட்டும் பத்திரம் எழுதித் தந்த வக்கீலிடம் காட்டித் திருத்திக்கொண்டேன்.

கேள்வி: மேடையில் ஒருவரை ஒருவர் கிழிக்கிற கட்சிகள் ஒரே கருவியை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன?

மைக் செட்டில் தொடங்கியது இது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், மேட்டுப்பாளையத்திலிருந்து செட் ஏறி வர வேண்டும். வாடகையைவிட வண்டிச் செலவு அதிகம். ஒரு சாயங்காலம் இரண்டு கட்சிக்கும் ஒரே ஆள் வருவதாக ஒப்புக்கொண்டு, இரண்டு பக்கமும் முன்பணம் வாங்கிவிட்டார். மார்க்கெட் முக்கில் கைகலப்பாகியிருக்க வேண்டியது, மழை வந்து காப்பாற்றியது.

தேர்தல் முடிந்த பிறகு நாங்கள் சிலர் காசு போட்டு ஒரு பழைய செட்டையும் இன்வெர்ட்டரையும் வாங்கினோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று விதி எழுதினோம். முன்பதிவு நோட்டில் எழுதினால்தான் செட். ஒரே நாளை இருவர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். பெட்டியின் மேல் யாருடைய ஸ்டிக்கரும் ஒட்டக் கூடாது. அப்புறம் வந்த கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் இந்த மூன்று விதிகளைத்தான் நீட்டி நீட்டி எழுதியிருக்கிறோம். மூன்றாவது விதியை மீறப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

கேள்வி: வாக்காளர் பட்டியல் கட்சிகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறதே. மென்பொருள் எதற்கு?

கிடைக்கிறது. 1960-ம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகளின்படி, தனக்கென்று சின்னம் ஒதுக்கப்பட்ட கட்சிக்குப் பட்டியலின் ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு பிரதி இலவசம். அங்கீகாரம் இல்லாத சிறிய கட்சிக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் ஐந்தில் இரண்டு கட்சி அந்த வகை.

கிடைத்தாலும், இணையத்தில் வரும் பிடிஎஃப் 2018 முதல் வெறும் படமாகத்தான் வருகிறது. பெயரைத் தட்டித் தேட முடியாது. எழுத்து வடிவில் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கில், தேர்தல் ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் சொல்லிவிட்டது. மொத்தமாக அள்ளிப்போய்த் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்பது ஆணையத்தின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் கீழே என்ன நடக்கிறது? ஒரே பட்டியலை ஐந்து கட்சியும் ஐந்து தடவை தட்டச்சு செய்கின்றன, ஐந்து விதமான எழுத்துப் பிழையோடு.

எங்கள் ஊரில் பிழை என்றால் சாதாரணப் பிழை இல்லை. ஒரே ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், போஜன் மகன் மாதன் என்று மூன்று பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்கு மகன் பெயர் மறுபடியும் போஜன். எஸ்டேட் லைன் வீடுகளில் கதவு எண் வரிசையாகவே இருக்காது. படகர் பேச்சில் ஒலிக்கிற பெயரைத் தமிழில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்த திருத்தத்தில் வேறொருவர் வேறு மாதிரி எழுதுவார். இதையெல்லாம் தெரிந்து தேடுகிற மென்பொருளை ஒரே தடவை சரியாகச் செய்துவைத்தால் எல்லோருக்கும் லாபம். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் போனால் பல வளைவுகளில் சிக்னல் கிடையாது, அதனால் போனிலேயே பட்டியல் இறங்கி, நெட் இல்லாமல் தேடும்படி செய்திருக்கிறோம்.

2025 நவம்பர் 4-ல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் (எஸ்ஐஆர்) தொடங்கியபோதுதான் இதன் அருமை தெரிந்தது. 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தன் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எங்கே இருக்கிறது என்று ஊரே தேடியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைக் கழகத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் பாவம், பழைய பதிவு ஒரு டிவிஷனில், இப்போதைய வீடு இன்னொரு தாலுகாவில். கட்சி நியமிக்கிற வாக்குச்சாவடி நிலை முகவர் ஒருவர் அந்தத் திருத்தத்தில் நாளொன்றுக்கு 50 படிவம் வரை வாங்கிக் கொடுக்கலாம் என்றார்கள். மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற இந்த முகவர்கள் அந்த மாதம் எங்கள் அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: ஏன் டிரஸ்ட்? ஒரு சங்கமாகப் பதிவு செய்திருக்கலாமே?

சங்கம் என்றால், 1975-ம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினர் சேர்க்க வேண்டும், பொதுக்குழு கூட்ட வேண்டும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினர் சேர்க்கையில் கட்சிக்காரர்களை மிஞ்ச ஆள் உண்டா? ஒரே வாரத்தில் இருநூறு பேரைச் சேர்த்து அடுத்த பொதுக்குழுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

டிரஸ்டில் அந்த வழி அடைபடுகிறது. நாங்கள் 1882-ம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தனியார் டிரஸ்ட். அந்தச் சட்டத்தை வக்கீல் வாசித்துக் காட்டியபோது, விக்டோரியா காலத்துக் கிழவர் ஒருவர் எங்கள் மைக் செட் சண்டையைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. பயனாளிகள் பலர் இருந்தால் டிரஸ்டி பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது 17-வது பிரிவு. கணக்கு எழுதிவைத்து, பயனாளி கேட்டால் காட்ட வேண்டும், 19. தன் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது, 47. டிரஸ்டிகள் பலர் என்றால், பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாத வரை எல்லோரும் சேர்ந்துதான் செயல்பட வேண்டும், 48. பத்திரத்தில் சொல்லாமல் சம்பளம் கிடையாது, 50. டிரஸ்ட் சொத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, 51. கட்சிகளிடம் இதைப் பேசும்போது, “நாங்கள் நல்லவர்கள், நம்புங்கள்” என்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பாரபட்சம் காட்டினால் கோர்ட்டுக்குப் போகலாம், பிரிவு எண் இது என்று சொன்னால் போதும்.

பேப்பரில் ‘தேர்தல் அறக்கட்டளை’ என்று வருகிறதே, அதுவா இது என்று பலர் கேட்கிறார்கள். அது இல்லை. அது கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, அதற்கு 2013-ல் வந்த தனித் திட்டம் உண்டு. வாங்கியதில் 95 சதவீதத்தை அதே நிதியாண்டில் கொடுத்துவிட வேண்டும். எங்களிடமிருந்து எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் போகாது.

கேள்வி: டிரஸ்டிகள் யார்?

ஐந்து பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், நர்ஸ் ஒருவர், சிறு தேயிலை விவசாயிகள் இருவர், நான். கட்சியில் எந்தப் பொறுப்பிலும் கடந்த மூன்று ஆண்டில் இருந்திருக்கக் கூடாது, கட்சி டிக்கெட்டில் நிற்கக் கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று வாய் திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரி ஒரு கட்சியின் தீவிர ஆதரவாளர், அந்தக் கட்சி சம்பந்தமான பஞ்சாயத்து வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். மினிட்ஸ் நோட்டில் அதுவும் எழுதப்படும்.

கட்சிகளுக்கும் ஒரு மேசை உண்டு. ஒவ்வொரு கமிட்டியும் ஒருவரை அனுப்பும். மாதம் ஒரு தடவை கூடுவார்கள், புகார் சொல்வார்கள், கணக்கைப் புரட்டுவார்கள், புது வசதி கேட்பார்கள். முடிவெடுக்கும் ஓட்டு அவர்களுக்கு இல்லை. ஆனால் மூன்று கட்சி சேர்ந்து எழுத்தில் கேட்டால் ஒரு டிரஸ்டி தன் தரப்பு விளக்கத்தை எழுத்திலேயே தர வேண்டும். என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். பிரிண்டர் மை வாங்கிய பில்லில் தேதி இல்லை.

கேள்வி: எது பொது, எது தனி? எங்கள் ரகசியம் அடுத்த கட்சிக்குத் தெரியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

பொதுவானது: பட்டியல், அதைத் தேடும் மென்பொருள், வாக்குச்சாவடி வரைபடம், பிரிண்டர், மைக் செட், பயிற்சி. தனியானது: கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த போன் நம்பர், ‘நம்ம ஆள்’, ‘இழுக்கலாம்’, ‘நேரம் வீண்’ போன்ற குறிப்புகள், ‘அஞ்சு மணிக்கு மேல்தான் தோட்டத்திலிருந்து வருவார்’ என்ற மாதிரி விவரங்கள். இந்த இரண்டாவது வகையை ‘நோட்டு’ என்கிறோம். ஒவ்வொரு கமிட்டியின் நோட்டும் தனிப் பூட்டில் இருக்கிறது, சாவி அந்தக் கமிட்டியிடம். எங்கள் கம்ப்யூட்டரில் கிடப்பது புரியாத எழுத்துக் குவியல் மட்டுமே. டிரஸ்ட் அந்தப் பூட்டைத் திறக்க மாட்டோம் என்று சொல்லவில்லை, திறக்கவே முடியாது.

இதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். ஒரு கட்சியில் நகரச் செயலாளரை மாற்றினார்கள். பழையவர் கோபத்தில் கடவுச்சொல்லைச் சொல்ல மறுத்துவிட்டார். புதியவர் என்னிடம் வந்து, “கிளார்க்கண்ணே, நீங்க மனசு வெச்சா முடியும்” என்றார். முடியாது என்றேன். நம்பவில்லை. கடைசியில் மூன்று வருஷ நோட்டை அவர்கள் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அதன் பிறகு விதியை மாற்றினோம்: ஒவ்வொரு கமிட்டியிலும் மூன்று பேரிடம் சாவித் துண்டு, எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கும். ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் வேலை நிற்காது, ஒருவர் மட்டும் விலைபோனாலும் நோட்டு போகாது.

சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டக் கடமையின் பேரில் பொதுவில் வெளியிடப்பட்ட தகவலுக்குப் பொருந்தாது. வாக்காளர் பட்டியல் அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் போன் நம்பரையும் ‘இழுக்கலாம்’ என்பதையும் எழுதிய நிமிடத்திலிருந்து நீங்கள் ஒருவருடைய தனிப்பட்ட தகவலைச் சேர்த்தவர் ஆகிறீர்கள். அதற்குச் சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். எங்கள் டிரஸ்டின் மொத்தச் சொத்தை விற்றாலும் அந்த அபராதத்தின் வட்டிக்குக் காணாது. ஆகவே அவகாசம் முடியும் வரை காத்திருக்கவில்லை.

கேள்வி: கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பையன் நினைத்தால் எதையும் செய்யலாமே?

பயன்பாட்டுக் கணக்கு தொடங்கலாம், கெட்டுப்போன போனைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம், பேக்கப் எடுக்கலாம். யாருக்குக் கணக்கு கொடுப்பது, யாருடையதை நிறுத்துவது என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. நான் மேலே சொன்ன 47-வது பிரிவிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது: சொன்னதைச் செய்யும் வேலைக்கு ஆள் வைக்கலாம், சொந்தமாக யோசித்து முடிவெடுக்கும் வேலையை ஒப்படைக்கக் கூடாது. அவர் தொடுகிற ஒவ்வொன்றும் ஒரு பதிவேட்டில் விழும், அதை அவராலேயே அழிக்க முடியாது. மாதக் கூட்டத்தில் கட்சிக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். பாவம், அவர் கல்யாணத்துக்கு லீவு போட்ட நாளில் ஏன் யாரும் உள்ளே நுழையவில்லை என்றுகூட ஒருவர் கேட்டார்.

கேள்வி: இதுவரை ஏதாவது கசிந்திருக்கிறதா?

ஒரு தடவை. மழைக்கால மாலை, கரண்ட் போய்விட்டது. ஒரு கட்சிக்காரர் தன் நோட்டைத் திறந்து அச்சுக்குக் கொடுத்திருந்தார். வராததால் நாளைக்குப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார். ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அப்போது அறையில் இருந்தவர் அடுத்த கட்சிக்காரர். பிரிண்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நாற்பத்து மூன்று பக்கத்தை அவர் கையில் கொடுத்தது, ‘சந்தேகம்’ என்ற கட்டம் உட்பட.

அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்குப் போன் செய்தார். முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டதாக ஒத்துக்கொண்டார், மீதியைப் பார்க்கவில்லை என்றார். நான் நம்பினேன், பாதிக்கப்பட்ட கட்சி நம்பவில்லை. அன்றைக்கு ராத்திரியே அவர்களை வரச்சொல்லி, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். தவறு எங்களுடையது. பூட்டுப் போட்ட பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம், பிரிண்டருக்கும் நினைவாற்றல் உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது ஆள் பக்கத்தில் நின்று எண்ணை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும். கரண்ட் போனால் வரிசையில் நிற்பதெல்லாம் அழிந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் இந்த மாதிரி உண்டா?

அமெரிக்காவில் இது பெரிய ஏற்பாடு. குடியரசுக் கட்சிப் பக்கம் 2011-ல் ‘டேட்டா டிரஸ்ட்’ என்று ஒன்றை அமைத்தார்கள். கட்சியின் தேசியக் கமிட்டியோடு பட்டியலைப் பரிமாறிக்கொள்ள அதற்கு ஒப்பந்தம் உண்டு. பெயரில்தான் டிரஸ்ட், பதிவில் கம்பெனி. ஜனநாயகக் கட்சிப் பக்கம் 2019-ல் இதே வேலைக்கு ஒரு பரிமாற்ற அமைப்பை அந்தக் கட்சியின் முன்னாள் தேசியக் கமிட்டித் தலைவர் ஹோவர்ட் டீன் தலைமையில் தொடங்கினார்கள். கட்சிக் கமிட்டியும் வெளி அமைப்புகளும் நேரடியாகக் கூடிப் பேசித் தேர்தல் வேலை பார்க்க அங்கே சட்டத்தில் தடைகள் உண்டு, ஆகவே நடுவில் ஒரு மூன்றாம் கை தேவைப்படுகிறது.

அங்கேயும் எங்கள் பிரிண்டர் கதை நடந்திருக்கிறது, பெரிய அளவில். 2015 டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் பொது மென்பொருளில் ஒரு கோளாறு. கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு சாண்டர்ஸும் ஹிலாரி கிளின்டனும் போட்டி போட்ட நேரம். சாண்டர்ஸ் அணியின் ஊழியர்கள் கிளின்டன் அணியின் குறிப்புகளைப் பார்த்துவிட்டார்கள். தேசியக் கமிட்டி சாண்டர்ஸ் அணியின் கணக்கையே முடக்கியது, அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், பிறகு கணக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்கு உறுத்துவது அந்த முடக்கம்தான். கோளாறு மென்பொருளில், அதைப் பயன்படுத்திப் பார்த்தது ஒரு தரப்பு, தண்டனை கொடுத்தது போட்டியை நடத்துகிற கட்சி அலுவலகமே. தேர்தலில் யார் ஜெயித்தாலும் தனக்கு ஒன்றுதான் என்று இருப்பவர் கையில் சாவி இருந்திருந்தால் பாதிப் புகைச்சல் வந்திருக்காது.

2017 ஜூனில் வெளியான இன்னொரு சம்பவம்: குடியரசுக் கட்சிக்கு வேலை செய்த ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் சுமார் 19 கோடியே 80 லட்சம் வாக்காளர்களின் விவரம் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து கிடந்தது. எல்லோருடையதையும் ஒரே பூட்டில் வைத்தால், பூட்ட மறந்த அன்றைக்கு எல்லோருடையதும் போகும்.

கேள்வி: கட்சி இரண்டாக உடைந்தால் நோட்டு யாருக்கு?

தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் யார் இருப்பார்கள்! 1989-ல் இரட்டை இலை முடங்கி, ஒரு பக்கம் சேவலும் மறுபக்கம் இரட்டைப் புறாவும் நின்றதை இந்த மலையில் சுவரில் வரைந்தவர்களே இன்னும் இருக்கிறார்கள். 2017 மார்ச்சில் மறுபடி முடங்கிய சின்னம் நவம்பரில்தான் திரும்பியது. எட்டு மாதம்.

பத்திரத்தில் இதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறோம். இரண்டு பேர் ‘நான்தான் நகரச் செயலாளர்’ என்று கடிதம் கொடுத்தால், அந்தக் கமிட்டியின் நோட்டை அன்றைய நிலையில் உறைய வைப்போம். யாரும் படிக்க முடியாது, யாரும் திருத்த முடியாது, யாரும் அழிக்க முடியாது. சாவி அவர்களிடமே இருந்தாலும் எங்கள் கம்ப்யூட்டர் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுக்காது. 1968-ம் ஆண்டுச் சின்னங்கள் உத்தரவின் 15-வது பத்தியின் கீழ் தேர்தல் ஆணையம் யாரைக் கட்சி என்று சொல்கிறதோ, அவர்களுக்குத் திறப்போம். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பிரிவும் புது நோட்டு தொடங்கலாம், பொதுக் கருவி இருவருக்கும் உண்டு.

நகல் எடுத்து இரண்டு பேருக்கும் கொடுத்துவிடலாமே என்று மேசையில் ஒருவர் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் நின்று நம்பர் கொடுத்த அம்மா ஒரு கட்சிக்குத்தான் கொடுத்தார், இரண்டுக்கு இல்லை.

கேள்வி: கூட்டணிக் கட்சிகள் ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கலாமா?

இரண்டு கமிட்டியும் கடிதம் தந்தால் பார்க்கலாம். கடிதத்தில் முடிவுத் தேதி இருக்க வேண்டும். ஓட்டு எண்ணிக்கைக்கு மறுநாள் தானாகவே மூடிக்கொள்ளும். கூட்டணி அதற்கு முன்னாலேயே மூடிக்கொண்டால், யாராவது ஒருவர் சொன்னாலே போதும்.

கேள்வி: புதுக் கட்டம், புது வசதி கேட்டால் யார் முடிவு செய்வது?

டிரஸ்டிகள், ஐந்தில் நான்கு பேர் ஒத்துக்கொண்டால். இரண்டு கோரிக்கையை மறுத்திருக்கிறோம்.

ஒன்று, ‘கவனிப்பு’ என்ற கட்டம். கேட்டவர் முகத்தில் சிரிப்பே இல்லை. யாருக்குக் கவர் போய்ச் சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளத்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(1) லஞ்சத்தை முறைகேடு என்கிறது, அதற்கு நாங்களே கணக்கெழுதித் தர முடியாது என்றோம்.

இரண்டாவது, சாதி, மதம். அந்தக் கட்டமே மென்பொருளில் இல்லை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாக்காளரின் சாதி மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் முறைகேடுதான் என்று சொல்லிவிட்டது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நீலகிரியில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும். ஹட்டி என்றால் படகர், மந்து என்றால் தோடர், லைன் என்றால் தோட்டத் தொழிலாளர் என்று எவருக்கும் மனக்கணக்கு உண்டு. கட்டத்தை எடுத்துவிட்டதால் கண்ணை எடுத்துவிட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். சாதிவாரியாகப் பிரித்து அச்செடுக்க முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் எந்தக் கட்சியும் இல்லை. என் நம்பர் யாரிடம் இருக்கிறது? எடுக்கச் சொல்ல முடியுமா?

யாரிடம் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது, பூட்டு அப்படி. ஆனால் ‘வேண்டாம் பட்டியல்’ ஒன்று வைத்திருக்கிறோம். அறைக்கு வந்தோ, தபாலிலோ எழுதிக் கொடுங்கள். அந்த எண் ஐந்து கட்சியின் மென்பொருளுக்கும் போய், நோட்டைத் திறக்கும்போது தானாக அழிந்துவிடும், மறுபடி ஏற்றவும் விடாது. கட்சிக்காரர் தன் சட்டைப் பையில் எழுதி வைத்திருந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

கேள்வி: பணம்?

ஆண்டுக்கு ஒரு கமிட்டிக்கு 6,000 ரூபாய், ஆளும் கட்சிக்கும் அதே, டெபாசிட் போன கட்சிக்கும் அதே. இலவசமாகக் கொடுத்தால் அது கட்சிக்கு நாங்கள் தந்த நன்கொடை என்று யாராவது வாதம் செய்யலாம், அந்த வம்பே வேண்டாம். தேர்தல் நேர அச்சுக்கூலிக்குத் தனி பில், வேட்பாளர் பெயரில். சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பில் அதுவும் சேரும். வரிவிலக்கு நன்கொடை ரசீது எங்களால் தர முடியாது, கட்சி வேலை தர்ம காரியத்தில் சேராது.

கேள்வி: பூத் சிலிப், நோட்டீஸ் அடிக்கலாமா?

வெறும் வெள்ளைத் தாளில், பெயர், பாகம், வரிசை எண் மட்டும் இருந்தால் சிலிப் அடிப்போம். கட்சிப் பெயரோ சின்னமோ கூடாது. நோட்டீஸ் அடிக்க மாட்டோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி போட வேண்டும், பிரதியைக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஊரில் பிரஸ் இருக்கிறது.

கேள்வி: போலீஸ் கேட்டால் கொடுப்பீர்களா?

சட்டப்படியான எழுத்து உத்தரவு இருந்தால், ஐந்து டிரஸ்டிகளும் கூடி, எங்களிடம் இருப்பதைக் கொடுப்போம். எங்களிடம் இருப்பது பூட்டிய பெட்டி. சம்பந்தப்பட்ட கமிட்டிக்கும் சொல்லிவிடுவோம், சொல்லக் கூடாது என்று உத்தரவிலேயே இருந்தால் தவிர. போனில் கேட்டால், வாட்ஸ்அப்பில் கேட்டால், ‘மேலிடத்தில் சொல்லியிருக்கு’ என்றால், இல்லை.

கேள்வி: மலையில் மண் சரிந்து கம்ப்யூட்டர் போய்விட்டால்?

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய மலை இது, யோசிக்காமல் இருப்போமா. வாரம் ஒரு நகல் மலையிறங்கி மேட்டுப்பாளையத்தில் ஒரு லாக்கருக்குப் போகிறது. அதுவும் பூட்டிய நகல்தான்.

கேள்வி: டிரஸ்டைக் கலைத்தால் எல்லாம் என்ன ஆகும்?

பத்திரத்தில் 15 ஆண்டு என்று போட்டிருக்கிறோம். அதற்குள் கலைத்தாலும், முடிந்து கலைந்தாலும் முறை ஒன்றுதான். மைக் செட்டும் பிரிண்டரும் ஏலம், டிரஸ்டிகளோ அவர்கள் வீட்டாரோ ஏலம் கேட்கக் கூடாது. வந்த பணம் கமிட்டிகளுக்குச் சமமாக. ஒவ்வொருவர் நோட்டும் அவரவர் பென் டிரைவில். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை வெல்டிங் கடைக்கு எடுத்துப்போய், ஐந்து கட்சிக்காரர்கள் முன்னால் டிரில் போட்டு ஓட்டையாக்க வேண்டும். ஒரு பழைய டிஸ்க்கை அப்படி ஏற்கெனவே செய்தாயிற்று. ஓட்டை போட்ட தகட்டை இரண்டு பேர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், எதற்கென்று தெரியவில்லை.

கேள்வி: புதிதாக ஒரு கட்சி சேர வேண்டும் என்றால்?

தேர்தல் ஆணையத்தில் பதிவான கட்சியாக இருக்க வேண்டும், கோத்தகிரியில் கமிட்டி இருக்க வேண்டும், 6,000 ரூபாய், மூன்று சாவிக்காரர்களின் பெயர். இருக்கிற ஐந்து கட்சியின் சம்மதம் தேவையில்லை. செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து முதல் எட்டு வரை அறை திறந்திருக்கும். அச்சுக்கு வருகிறவர்கள் தாள் கொண்டுவாருங்கள், ஏ4, 75 ஜிஎஸ்எம். அதைவிட மெல்லிசாக இருந்தால் எங்கள் ஊர் ஈரத்துக்குப் பிரிண்டரில் சுருட்டிக்கொள்கிறது.